மஞ்சள் பட்டின் வலது கை

“இதை யார் எழுதிக் குடுத்தாங்க?” என்று பேராசிரியர் கேட்டபோது அவளுக்கு முதலில் கேள்வியே பிடிபடவில்லை. மேசையில் அவளுடைய கட்டுரை நான்காம் பக்கம் மேலே வரும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சில் வட்டம். நாற்பத்து நான்கு வயதில் மாலைக் கல்லூரியில் கலை வரலாறு படிக்கச் சேர்ந்தவள் அவள். பகலெல்லாம் அக்காவின் தையல் கடையில் ஊராருடைய உடுப்புகளைப் பிரித்துச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும்தான் பிழைப்பு. எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அக்கா எழுதுவதெல்லாம் இடுப்பளவும் தோளளவும்தான்.

“நான்தான் சார் எழுதினேன்.”

அவர் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நிதானத்திலேயே அது தெரிந்தது.

அருங்காட்சியகத்தில் பரோக் காலத்து, அதாவது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும் என்பதுதான் அவர் கொடுத்த வேலை. கதை கூடாது, ஓவியரின் வாழ்க்கை கூடாது, பக்கத்திலிருக்கும் குறிப்பட்டையைக்கூடப் படிக்கக் கூடாது. ஒளி எங்கிருந்து வருகிறது, கோடு எங்கே போகிறது, இருட்டு எங்கே கெட்டிப்படுகிறது, அவ்வளவுதான். அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே படத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பட்டு அங்கி அணிந்த பெண் ஒருத்தி, கையில் பிரித்த கடிதம், பின்னால் முழு இருட்டு. “அவ என்ன, தைக்கக் குடுத்திருக்காளா? இப்படி வாராவாரம் போய் அளவெடுத்துட்டு வர்றியே” என்று அக்கா கேலி செய்தாள்.

அளவெடுக்கத்தான் செய்தாள். அங்கியின் இடது கை மடிப்புகளைத் தீட்டியவனுக்குத் துணி தெரிந்திருந்தது. பட்டு முழங்கையில் உடைந்து, உடைந்த இடத்தில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. வலது கை அப்படியில்லை. அதே நிறம், அதே வெளிச்சம், ஆனால் துணி பருத்தி மாதிரி தொய்ந்து கிடந்தது. அது வேறு ஆள் தைத்த கை. பக்கவாட்டில் நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வலது தோளில், சாயத்துக்கு அடியில், நான்கு சின்ன மேடுகள். தையலைப் பிரித்து எவ்வளவு தேய்த்தாலும் பழைய ஊசித்தடம் போகாது. இருபது வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். யாரோ ஒருவருடைய விரல்கள் அந்தத் தோளில் இருந்திருக்கின்றன, பிற்பாடு யாரோ மூடியிருக்கிறார்கள் என்று எழுதினாள். அந்தப் பத்தியைச் சுற்றித்தான் வட்டம்.

“அந்தப் படத்தைப் பத்தின ஆய்வறிக்கை இன்னும் வெளியவே வரல. உங்களுக்கு எப்படிக் கெடச்சது?” என்றார்.

“எந்த அறிக்கை சார்?”

அவர் பேச்சை மாற்றிவிட்டார். நாளை மதியம் அருங்காட்சியகத்துக்கு வரும்படியும், படத்தின் முன்னால் வைத்தே விளக்கும்படியும் சொன்னார். இரவெல்லாம் அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் உறுத்தியது. அறிக்கை என்று ஒன்று இருந்தால், விரல்களும் இருக்கின்றன. இருப்பது இவருக்கும் தெரியும். தெரிந்த மனுஷர் ஏன் தெரியாத மாதிரி கேட்கிறார்?

மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகவே போய், இத்தனை நாள் படிக்காமல் விட்ட குறிப்பட்டையைப் படித்தாள். துணைக்கு யாருமற்ற பெண், தனிமையின் ஒப்பற்ற சித்திரம் என்றெல்லாம் இருந்தது. கீழே பொடி எழுத்தில் பேராசிரியரின் பெயர். நுழைவாயில் புத்தகக் கடையில் அவருடைய புத்தகம் அடுக்கியிருந்தது. அட்டையில் இதே மஞ்சள் பட்டு. தோளில் விரல்கள் இருந்தால் இவள் தனியாள் இல்லை, புத்தகமும் நிற்காது.

அவர் வந்தார். இரண்டு கைகளையும் ஒப்பிட்டுக் காட்டினாள். பக்கவாட்டில் நிற்கச் சொன்னாள். அவர் நின்றார், ஆனால் அவர் பார்வை தோளுக்குப் போகவே இல்லை. அவள் முகத்திலேயே இருந்தது.

“இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“இல்ல சார்.”

கட்டுரை மிக நன்றாக வந்திருக்கிறது என்றார். அந்தப் பத்தி மட்டும் கண்ணால் பார்ப்பதைத் தாண்டிப் போகிறது, எடுத்துவிட்டால் வகுப்பிலேயே முதல் மதிப்பெண், எடுக்காவிட்டால் பிறர் எழுதியது என்ற ஐயத்தோடு கல்லூரி ஒழுங்குக் குழுவுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார். குரலில் பாசம் வழிந்தது. கடையில் கிழிசலை மறைத்து மடித்துக் கொண்டுவருகிறவர்களிடம்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். குழுவுக்குப் போனால், மூன்று வருடப் படிப்பு, அக்காவிடம் கெஞ்சி வாங்கிய மாலை நேரங்கள், எல்லாம் ஒரு பத்தியில் போய்விடும். எடுத்துவிடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

“எடுக்கணும்னு நீங்களே கட்டுரை ஓரத்துல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க சார்,” என்றாள். “எடுத்துடறேன்.”

அவர் பேனாவை எடுக்கவில்லை. கொண்டுவந்திருந்த கட்டுரையை அவள் கையில் கொடுக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் எல்லோருடைய மதிப்பெண்ணும் வந்தது. அவள் பெயருக்கு நேரே ‘பரிசீலனையில்’ என்றிருந்தது. அக்காவிடம் சொன்னபோது, “அந்தாளு பொய் சொல்றாரா, இல்ல நீயா கற்பனை பண்றியா?” என்று கேட்டாள். அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. சாயம் காய்ந்து சுருங்கினாலும் மேடு தட்டலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அருங்காட்சியகத்துக்குப் போனாள். படத்தைக் காணவில்லை. ஒரு மாதிரி வெளிறிய நீள்சதுரமும் இரண்டு கொக்கிகளும் மட்டும் சுவரில் இருந்தன. குறிப்பட்டையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். காவலரிடம் விசாரித்தாள். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போனார்கள், எதற்கென்று தனக்குச் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு, நீங்கள் யார், எதற்கு விசாரிக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவள் எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். ஒளி மேலிருந்து வருகிறது என்று எழுதினாள். நீள்சதுரத்தின் மூன்று ஓரங்கள் நேராக இருக்கின்றன. நான்காவது ஓரத்தில், கீழே, யாரோ அவசரத்தில் சாய்த்துப் பிடித்ததுபோல் சுவர்ப்பூச்சு விரல் நீளத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடம் புதிது. தூள் இன்னும் தரையில் கிடக்கிறது.