ஆறாயிரம் சுற்று

உலகத்தில் உடையப்போகிற எந்தப் பொருளும் இனி மாப்பிள்ளையைக் கேட்காமல் உடைய முடியாது. மருந்துத் தொழிற்சாலைக் கூட்டத்தில் அவனே எழுந்து நின்று இதை அறிவித்தான். கம்ப்யூட்டருக்குள் நாற்பது லட்சம் மருந்துத் துகள்களை அரவை மிஷினில் தள்ளி, எது சுழல்தட்டின் எந்த இரும்பு முளையில் மோதி எத்தனை துண்டாகச் சாகிறது என்று பார்த்துவிட்டான். திரையில் மண்டைகள் சிதறின, இடுப்புகள் முறிந்தன, ஒருத்தனும் தப்பவில்லை. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் ஓட்டலாம் என்றான். மேலாளர் கைதட்டினார்.

மிஷினை ஓட்டுகிற மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், கைதட்டவில்லை. புது மருந்தில் ஒரு சிட்டிகையைக் கல்வத்தில், அந்தச் சின்னக் கல்லுரலில், போட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இது குழவியிலயே அப்புது. ஆறாயிரம் சுற்று வேணாம்."

"நாப்பது லட்சத்தைக் கொன்னுட்டு வந்திருக்கேன் மச்சான். நீங்க காய்ச்சக்காரப் புள்ளைக்கு மாத்திரை நசுக்குறீங்க."

"உன் துகள் என்ன உருவம்?"

"உருண்டை."

"இது ஊசி ஊசியா இருக்கே?"

"ஊசியாப் போட்டா கணக்கு முடிய மூணு வாரம் ஆகும். உருண்டைன்னா ஒரே நாள். மருந்து அனுசரிச்சுப் போகும்."

மருந்து பதினோரு நிமிடம் அனுசரித்தது. பிறகு சுழல்தட்டின் ஒரு பக்கமாக அப்பி, தட்டு கோணி, மிஷின் வீறிட்டது. முளைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று மூடியைக் கிழித்தது, ஒன்று சுவரில் இறங்கியது, மூன்றாவது மச்சானின் இடது முழங்கையைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவர் வலது கையால் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் விழுந்தார். வெள்ளைத் தூள் சிவப்புச் சேறானது.

"உருண்டை" என்றார் ஸ்ட்ரெச்சரில்.

வீட்டில் மனைவி எறிந்த டம்ளர் மாப்பிள்ளையின் புருவத்தைப் பிளந்தது. அந்த மோதலையும் அவன் முன்கூட்டிக் கணிக்கவில்லை.

"எங்கண்ணன் கை என்ன, உங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா? அழிச்சிட்டு வரைய?"

மூன்று வாரம் கழித்துப் புதுத் தட்டு மாட்டினார்கள். இந்தமுறை ஊசியாகவே போட்டுக் கணக்கை முடித்திருந்தான்: நாலாயிரத்து இருநூறு சுற்று. மச்சான் கட்டுப்போட்ட கையோடு வந்து மிஷின் பக்கத்தில் அதே இடத்தில் நின்றார்.

"நம்பரைச் சொல்லு மாப்ளே."

வாயைத் திறந்தான். அந்தக் கட்டைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க மச்சான்."

பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஒரு சிட்டிகையைக் கல்வத்தில் போட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி மெல்ல இடித்தான். குழவியைத் திருப்பி, அப்பியிருக்கிறதா என்று பார்த்தான். இன்னொரு சிட்டிகை எடுத்தான்.