அடியில் பெயரில்லாத ஜாடி

பெட்டியைப் பிரித்ததும் பல் டாக்டர் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பழைய சுவீடன் கண்ணாடி சேகரிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். முதலில் அடிப்பாகம், அழகெல்லாம் அப்புறம். செய்தவரின் பெயரும் எண்ணும் அங்கே ஊசியால் கீறியிருக்க வேண்டும். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பதினோரு வருடமாகத் தேடிய ஜாடி. எழுபது வருடத்துக்கு முன், நிறக் கண்ணாடியில் மீன்களைச் செதுக்கி, மறுபடி சூடாக்கி, மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி ஊதியது என்று விற்றவர் எழுதியிருந்தார். திருப்பி அனுப்ப இன்றுதான் கடைசி நாள். கூரியருக்குச் சொல்லியாகிவிட்டது.

"போலி. நம்ம தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்," என்றார் மனைவியிடம்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"பேர் இல்லையே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக் கவுத்துப் பாக்காம விட்டீங்களே, அதைச் சொல்லுங்க."

அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர் படிவத்தை நீட்டினார். 'திருப்பி அனுப்பக் காரணம்' என்ற கட்டத்தில் டாக்டர் பேனாவை வைத்தபோது, கூரியர்காரர் மேஜைமேல் இருந்த ஜாடிப் பக்கம் குனிந்திருந்தார்.

"சார், இதுங்களுக்கு எப்படித் தண்ணி மாத்துவீங்க?"

"அது வெறும் கண்ணாடிப்பா."

"சும்மா சொல்லாதீங்க சார். அசையுதே!"

டாக்டர் எரிச்சலோடு குனிந்தார். ஜாடியைப் பக்கவாட்டில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தடித்த சுவருக்குள் பச்சைப் பாசி. அதற்கிடையே மூன்று மீன்கள். தலையை ஒரு விரற்கடை நகர்த்தினார். மூன்று ஆறாகி, ஒன்று வளைந்து, ஒன்று பாசிக்குப் பின்னால் நழுவிப் போனது. கண்ணாடி நெருப்பில் குழைந்து கிடந்தபோது யாரோ ஒருவர் ஊதிய மூச்சு எவ்வளவோ, அவ்வளவுதான் இந்த ஜாடியின் வயிறு. அலமாரியில் நாற்பது ஜாடிகள் வைத்திருக்கிறார். நாற்பதின் அடியும் அவருக்கு மனப்பாடம்.

"என் பக்கம் ஏழு," என்றாள் மனைவி, எதிரே மண்டியிட்டு.

"இங்க நாலுதான் மேடம்," என்றார் கூரியர்காரர்.

"காரணம் என்ன எழுதப் போறீங்க?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் மறுபடி ஜாடிக்கு நேராகக் குனிந்தார். ஜாடிக்கு அந்தப் புறம் அவளுடைய ஒரு கண் மட்டும் குளம் போல் விரிந்து தெரிந்தது. வரிபோட்ட மீன் ஒன்று அதன் குறுக்கே மெல்ல நீந்திக்கொண்டிருந்தது.