பேராயர் பிரித்த கட்டு

மண்டியிட்டுவிட்டான். அங்கியை ஒதுக்கிக்கொண்டு, வார்டின் ஈரத் தரையில், நிஜமாகவே மண்டியிட்டுவிட்டான் என் அண்ணன். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவன். அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

போன மாதம் பேராயராகப் பொறுப்பேற்ற அன்று பிரசங்கத்தில் சொன்னான்: நம் ராஜாவாகிய ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மற்றவர்களின் காலைக் கழுவியவர், ஆளுவது என்றால் அதுதான். சபையின் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாகப் புண் துடைக்கிற நர்ஸ் நான். என் வேலையை யாரோ முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. இன்று அவனே வந்து, "ஒருத்தருக்கு நானே கட்டு மாத்துறேம்மா" என்றதும் ஆறாம் கட்டிலைக் காட்டினேன்.

அதில் ஒரு பஸ் டிரைவர். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதிநீர் பீறிட்டு வலது பாதம் வெந்துபோனவர்.

"பிரேக் மிதிச்ச காலு ஐயா இது. நீங்க போய் தொடலாமா?"

"ராஜாவே தொட்டாரு. நான் யாரு?"

சபைப் பத்திரிகையின் போட்டோக்காரர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் திரும்பினேன். அதற்குள் நடந்துவிட்டது.

புண்ணோடு ஒட்டிய துணியைச் சலைனில் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐந்து நிமிஷமாவது ஆகும். அண்ணன் காய்ந்த துணியை அப்படியே இழுத்துவிட்டான். இரண்டு வாரமாக வளர்ந்த தோல் துணியோடு வந்தது. ரத்தம் குதிகால் வழியாகச் சொட்டியது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த டிரைவரின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"வலிக்கலைங்க ஐயா," என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் என்ன? இவ்வளவு நேரமும் அண்ணனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ரத்தத்தை நிறுத்தி, மருந்து வைத்துக் கட்டினேன். டிரைவர் என் பக்கம் குனிந்து, "நீங்க கியர் மாத்துற மாதிரி பதமா மாத்துவீங்க சிஸ்டர். ஐயா சடன் பிரேக்," என்று முணுமுணுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா முகத்துல நிழல் விழுந்துடுச்சு. ஒண்ணும் தேறல."

"இன்னொரு தடவை பிரிச்சுக் குடும்மா," என்றான் அண்ணன். "ரெண்டே நிமிஷம். இதப் பாத்து நாலு பேருக்குச் சேவை செய்யணும்னு தோணும்ல?"

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. மனதாரத்தான் கேட்டான்.

"பிரிங்க சிஸ்டர். ஐயாவே கேக்குறாரு," என்று டிரைவர் காலை முன்னால் நகர்த்தினார்.

அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித் தலையணைமேல் வைத்தேன்.

"இல்லண்ணா," என்றேன். "இனி நாளைக்குத்தான் பிரிப்பேன்."