நடுவில் வரும் பந்து

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். அத்தனையும் நானும் என் தங்கையும் டென்னிஸில் ஜோடியாக ஆடி வாங்கியவை. ஆனால் ஊர் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? தங்கை ஆடுகிறாள், அக்கா கூட நிற்கிறாள். பத்திரிகைக்காரர்கள் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதினார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன வருடம் என் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டே தங்கை ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒரு பொண்ணு ஜோடியா ஆடக் கூப்பிடுறா. ஆடட்டுமா?"

"ஆடேன். அதுக்கு எதுக்கு இப்படி இழுக்குற?"

வீறாப்பாகத்தான் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அழுதேன்.

கால் சரியானதும் எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தாள். நல்ல உயரம், இடி மாதிரி சர்வீஸ். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது, பேசவே மாட்டாள். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தேன். அதற்கும் தலையாட்டினாள். அவளோடு ஆடி, வருடத்தின் கடைசிப் பெரிய போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் என் தங்கை. ஜெயித்தால் ஊர் வாயை அடைக்கலாம். தோற்றால், கூட நிற்கிறவள் என்ற பெயர் சாகும்வரை என்னை விடாது.

அன்று காலை விடுதிச் சாப்பாட்டு அறையில் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு ஜெயிச்சாலும் கோப்பை நம்ம வீட்டுக்குத்தான் வரப்போகுது. முறைச்சுக்காம சாப்பிடுங்க."

"அலமாரில என் பக்கம் வைக்க இடம் ஒதுக்கிடும்மா," என்றேன். தங்கை ரொட்டியை மென்றபடி சிரித்தாள்.

ஆளுக்கொரு செட் எடுத்தோம். மூன்றாவதில், தங்கை உயரத் தூக்கி அடித்த பந்து குட்டையாக வந்தது. வலையருகே நின்ற நான் மட்டையை ஓங்கிவிட்டேன். நான் விளாசப்போவது தெரிந்து, "பின்னாடி போ" என்று அவள் தன் ஜோடிக்குக் கத்தினாள். பின்னாடி ஓடியது நான். பந்து நான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அரங்கமே சிரித்தது. அத்தனை வருடம் அந்தக் குரலுக்கு ஓடிப் பழகிய கால்கள், என்னைக் கேட்டுக்கொண்டா ஓடும்?

கோட்டான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "எங்க ஓடினீங்க?"

"தண்ணி குடிக்க."

எதிராளி கத்தியது இடைஞ்சல் என்று நடுவரிடம் புள்ளி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் தன் ஜோடியிடம் பேசினாள், கேட்டு நடந்தது நான்.

இழுபறியாகப் போய், கடைசியில் மேட்ச் பாயின்ட் எங்களுக்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை.

ஜோடி ஆட்டத்தில் நடுவில் வரும் பந்துதான் தொல்லை. யாருடையது என்று யோசிப்பதற்குள் போயே போய்விடும். அதற்கு எனக்கும் தங்கைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. நான் இடப்பக்கம் ஆடுகிறவள், தங்கை வலப்பக்கம். நான் "எனக்கு" என்று குரல் கொடுத்து நடுவுக்குப் பாய்ந்தால், அவள் என் பின்னால் இடப்பக்கம் ஓடி நான் விட்டுவந்த இடத்தை அடைத்துவிடுவாள். ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

பந்து நடுவில் வந்தது. "எனக்கு" என்றேன். கோட்டான் நின்ற இடத்தில் நின்றாள். எதிரே, தங்கை தன் இடப்பக்கம் ஓடினாள். அவளுடைய வலப்பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. ஆட்டம் என்று வந்துவிட்டால் தங்கை என்ன, பெற்ற தாயே எதிரே நின்றாலும் காலி இடம் காலி இடம்தான். அடித்தேன். கோட்டுக்குள் விழுந்தது.

கோட்டான் என்னை அலாக்காகத் தூக்கிச் சுற்றினாள். கூட நிற்கிறவள் ஜெயித்துவிட்டாள் என்று நாளைக்கு எழுதட்டும், பார்க்கலாம். கால் தரையில் பட்டதும் வலைக்குப் போனேன்.

"ஏன்டி அந்தப் பக்கம் ஓடின? உன் பக்கமில்ல காலியா கிடந்துச்சு?"

தங்கைக்கு இன்னும் மூச்சு வாங்கியது. என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள்.

"நீ எனக்குன்னு சொன்னியேக்கா. உன் இடம் காலியாயிடுமே."

வலை இடிக்க இடிக்க அவளைக் கட்டிக்கொண்டேன். கோப்பை வாங்க வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.