ஆளுக்கு இருபது சுற்று

செருப்புக்கடை அக்காவுக்கு அது பதினேழாவது சுற்று. இன்னும் மூன்று பாக்கி. முழங்கால்கள் இரண்டும் எப்போதோ புகார் கொடுத்துவிட்டன, விசாரிக்கத்தான் ஆளில்லை. கடைவீதியின் இந்த முனையில் ஒரு விளக்குக் கம்பம், அந்த முனையில் ஒன்று. இரண்டிலும் நகராட்சி ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே யார் நடந்து போனாலும் அது ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். போகிறவர் சாமான் வாங்க வந்தவரா, வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியவரா என்றெல்லாம் அது கேட்காது.

எல்லாம் தம்பி செய்த வேலை. கூடப் பிறந்த தம்பிதான், எதிர்ச்சாரியில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறான், வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே பெரிய மால் வந்ததும் பஸ் நிறுத்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அதன் வாசலில் நட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் கடைவீதியின் முப்பத்தொரு கடைகளில் பதினேழுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. மிச்சமிருந்த பதினாலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. மனு மேல் மனு போட்டு, கடைசியில் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். "ஒரு மாசம் தெருவுல எத்தனை பேர் நடமாடுறாங்கன்னு எண்ணிப் பார்ப்போம். அதை வச்சு பஸ்ஸைப் பத்தி முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் வீட்டுக்காரரும் அதற்காகத்தான் காத்திருந்தார். "பஸ் வரலேன்னா இந்த வருஷத்தோட கடையை மூடிடு. எத்தனை நாளைக்குத்தான் வெறும் அட்டைப்பெட்டிங்களுக்குக் காவல் இருப்பே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் பாதத்தைப் பார்த்தே அளவு சொன்னவள். கடையில் உட்காரும் அந்த முக்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் அவளை நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

அதிகாரி அம்மா வந்துபோன அன்று மாலையே தம்பி சங்கக் கூட்டம் போட்டான். "கூட்டம் இருந்தாத்தானே பஸ் விடுவாங்க? அந்தக் கூட்டத்தை நாமளே காட்டுவோம்" என்றான். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது சுற்று, போக வர. யார் எத்தனை மணிக்கு நடப்பது என்று அட்டவணையே தயார். நடுவில் ஒரு தடவை சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டுமாம், மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதாம்.

"மெஷினுக்குச் சட்டை தெரியுமாடா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியாதுன்னு நீ பார்த்தியா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சலவைக்கடைக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். மாற்றுச் சட்டைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை.

பதினேழாவது சுற்றை முடித்து மூச்சு வாங்கக் கடைக்குத் திரும்பியவளுக்கு, கண்ணாடிக் கதவில் செருகியிருந்த துண்டுச் சீட்டு கண்ணில் பட்டது. 'பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்க வந்தோம். ரெண்டு தடவை வந்தும் ஆள் இல்லை. மாலுக்குப் போறோம்.'

சீட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பி கடைக்குப் போனாள். "பாருடா! ஒரு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒரு ஜோடி விக்க இருந்துச்சு. நான் எங்கே இருந்தேன்? கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல நடை பழகிக்கிட்டு இருந்தேன்!"

"ஒரு ஷூவைப் பார்க்காதேக்கா. பெருசா யோசி."

"நீ பெருசா யோசிச்சதுக்குத்தான் என் முட்டி வீங்கிப் போய்க் கிடக்கு."

ஆனாலும் மிச்சம் மூன்று சுற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து முடித்தாள். பஸ் வேண்டுமே.

மாசம் முடிந்தது. அதிகாரி அம்மா கையில் கோப்போடு வந்தார். பதினாலு கடைக்காரர்களும் செருப்புக்கடையில் கூடினார்கள், உட்கார ஸ்டூல்கள் அங்கேதான் அதிகம். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் இருந்தான்.

"நல்ல செய்தி. ஒரு நாளைக்குச் சராசரி அறுநூறு பேர். நான் எதிர்பார்க்கவே இல்லை" என்றார் அவர்.

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

"அதனால இந்தத் தெருவுக்கு பஸ் தேவையில்லைன்னு எழுதியிருக்கேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "மேடம்?"

"பஸ் இல்லாமலே அறுநூறு பேர் வர்றாங்களே! ஆளே வராம காத்து வாங்குற தெருவுக்குத்தான் இந்தத் திட்டம். பஸ்ஸை அப்படி ஒரு தெருவுக்குக் கொடுத்துடலாம். உங்களுக்கு வாழ்த்துக்கள்."

சலவைக்கடைக்காரர் தன் இரண்டாவது சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். தம்பி கூரையைப் பார்த்தான். சொன்னால் சங்கத்தின் மானம் போகும், தம்பியின் தலைவர் பதவியும் கூடவே போகும். சொல்லாவிட்டால் கடை போகும். அக்காவுக்கு இருந்த கோபத்தில் யோசிக்க நேரம் பிடிக்கவில்லை.

"அந்த அறுநூறும் நாங்கதாம்மா" என்றாள். "இதோ உட்கார்ந்திருக்கோமே, பதினாலு பேர். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நடந்தோம். வேணும்னா என் செருப்பைப் பாருங்க." காலிலிருந்து கழற்றித் திருப்பிக் காட்டினாள். போன மாதம் பெட்டியிலிருந்து எடுத்த புதுச் செருப்பு, குதிகாலில் ஓட்டை.

அதிகாரி அம்மா செருப்பைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சிரிக்கவா திட்டவா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "பொய்க் கணக்கு காட்டினீங்கன்னு நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். பிறகு கோப்பை மூடினார். "இன்னும் மேலே அனுப்பலை. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். யாரும் கடையை விட்டு இறங்கக் கூடாது."

மறுநாள் யாரும் இறங்கவில்லை. அதிகாரி அம்மா செருப்புக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, செல்போனில் பெட்டியின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைத் தன் கண் முன்னாலேயே உட்கார வைத்திருந்தாள் அக்கா, அவனை நம்ப முடியாது. பகல் பன்னிரண்டுக்குப் பதினொரு பேர். மூன்று மணிக்கு இருபத்துநாலு. அதில் இருவர் வழி தெரியாமல் மாலுக்கு எப்படிப் போவது என்று விசாரித்தவர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செல்போனை நீட்டினார். முப்பத்தெட்டு.

இது குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் அக்கா நாள் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். நிஜமாகவே இவ்வளவு பேர்தானா? ஒரு மாசம் தாங்களே நடந்து நடந்து, தெருவில் கூட்டம் இருக்கிறது என்று தானும் பாதி நம்பியிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் கலங்குவதை மறைக்க ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

"இது போதும். இதைக் காட்டி பஸ் கேட்க முடியும்" என்று அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார்.

தம்பி மெல்ல எழுந்து செருப்பை மாட்டினான். "முப்பத்தெட்டுன்னா ரொம்பக் கேவலமா இருக்கேக்கா. நான் வேணா ஒரே ஒரு சுத்து போய், நாப்பதா..."

"உட்காருடா!"

தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டிருக்கும். பிறந்ததிலிருந்து அக்கா சொல்லை ஒரு தடவைகூடக் கேட்காத தம்பி, சட்டென்று உட்கார்ந்தான்.