கை நீட்டாத மனுசன்

கஞ்சிக் கோப்பை குணேஸ்வரியின் புருவத்தில் பட்டு உடைந்தது. சுடுகஞ்சி கழுத்தில் வழிய, இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கட்டிலில் இருந்த அருளம்பலம், அடுத்து எறிய என்ன இருக்கிறது என்று கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர் அவர். கோதுமை மாக்கப்பல் வந்த நாட்களில் சண்டை மூண்டால், இரண்டு பேரை ஒரே பிடியில் தூக்கித் தண்ணீருக்குள் போட்டுவிடுவார் என்று சொல்வார்கள். கலியாணம் கட்டிய நாள் முதல் குணேஸ்வரிமேல் மட்டும் ஒருமுறைகூடக் கை நீட்டியதில்லை. போன வருடம் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய்க் கரண்ட் என்கிற கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது, கட்டி கரையவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த தங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். குரல் போய், காற்று மட்டும்தான் வந்தது. பிறகுதான் இது தொடங்கியது. மருந்து கொடுக்கப் போனால் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். முதுகு துடைக்கக் குனிந்தால் முழங்கையால் நெஞ்சில் இடித்தார். பக்கத்து வீட்டு ஜெமீலா அவளுடைய கன்றிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, புற்று வருத்தம் மூளைக்கு ஏறியிருக்கும், மனதில் வைக்காதே என்றாள். குணேஸ்வரி மனதில் வைத்தாள். அவளுக்கு நோயைவிட அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு காலமும் உள்ளே கிடந்த வெறுப்புத்தானோ இது? மகள் காய்ச்சலில் இறந்துபோனதற்கு அவளைத்தான் குற்றம் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்துவிட்டாரோ?

கோப்பை எறிந்த மறுநாள், கடையில் பாண் வாங்க வரிசையில் நின்று, கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினாள். மகளின் படம் சுவரில் இல்லை. பிள்ளையின் நினைவாக இருந்த ஒரே படம் அது. அருளம்பலம் எப்படியோ கட்டிலை விட்டு இறங்கி, அதை ஆணியிலிருந்து கழற்றிக் கண்ணாடியை மிதித்து உடைத்திருந்தார். பாதம் கிழிந்து சிமெந்து நிலமெல்லாம் இரத்தம். அவள் வாசலில் நிற்பதைக் கண்டதும், நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோலப் படத்தை உயர்த்திப் பிடித்து, பிள்ளையின் முகத்தின் குறுக்கே மெதுவாகக் கிழித்தார்.

குசினிக்குள் ஓடியதோ உலக்கையை எடுத்ததோ அவளுக்கு நினைவில்லை. அவரைக் கட்டிலில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள். விலா எலும்பு காலுக்கடியில் நெரிந்தது. இரண்டு கையாலும் உலக்கையைத் தலைக்கு மேலே ஓங்கினாள். அடிக்கத்தான் போனாள்.

அவர் மறிக்கவில்லை. கண்ணை மூடினார். நாடியை உயர்த்தி, கருகிய கழுத்தை நீட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த முகத்தில் அவள் கண்டிராத அமைதி.

உலக்கை அந்தரத்தில் நின்றது.

"இதுக்குத்தானோ இவ்வளவும் செய்தனீங்கள்?"

அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இனித் தாங்க ஏலாது, குணம். விழுந்து சாவமெண்டு கிணத்தடி மட்டும் போனனான். பயத்திலை திரும்பிட்டன். கேட்டால் நீ செய்யமாட்டாய் எண்டு தெரியும். அதுதான்..."

உலக்கையைக் கதவோரம் வீசினாள். கோபம் அதற்குப் பிறகுதான் முழுதாக வந்தது. கையை விரித்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நோய் வந்த பிறகு அவர் அழுவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கொலைகாரி எண்ட பேரோடை என்னைத் தனிய விட்டிட்டுப் போகப் பாத்தீங்கள்," என்றாள். மூச்சு வாங்கியது. "என்ரை கையாலை நடக்காது. நோவோடைதான் போகோணும். நானும் பக்கத்திலை நிண்டு பாக்கோணும். வேறை வழி இல்லை."

அவர் தலையசைத்தாரா, அல்லது நோ வந்த நடுக்கமா, தெரியவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்து எழுந்தன. உடம்பு வில்லாக வளைந்தது. குரலில்லாத அலறல் வாயைக் கோணலாகத் திறந்தது. பல் நாக்கில் இறங்கப் போவதைக் கண்டு, அவள் தன் முன்கையை அவர் வாய்க்குள் கொடுத்தாள். அவர் கடித்தார்.

வெளியே ஜெமீலா அவள் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினாள். பற்கள் தோலைத் தாண்டி இறங்கின. குணேஸ்வரி மற்றக் கையால் அவருடைய பின்தலையைப் பற்றி, தன் கையோடு இன்னும் இறுக்கி அணைத்தாள்.