ஒன்றாம் எண் அட்டை

...டிக் அடித்துத்தான் இருக்கிறது, நீல நிறத்தில், சின்னதாக, 'பெற்றோருக்கு வாராந்தரக் கடிதம் அனுப்பு' என்ற வரிக்குப் பக்கத்தில், நான் அடித்தேனா, அதுவாகவே அடித்துக்கொண்டு வந்ததா, யாரைக் கேட்பது, கம்ப்யூட்டர் சாரைக் கேட்டால் சிரிப்பார், படிக்காமலே சரி சரின்னு அமுக்கிட்டீங்களா மிஸ் என்பார், ஆமாம் ஐயா, அமுக்கினேன், இருபத்திரண்டு வருஷமாக இந்த நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒழுங்கா முழுசாப் படிங்க என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிற நான்தான், இந்த நூலக ஆப்பின் பதினொரு பக்க நிபந்தனையை ஒரு வரிகூடப் படிக்காமல் அமுக்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போகும் என்று போட்டிருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டு பத்து. அப்படியானால் போய்விட்டது, நானூற்றுப் பதினொரு வீட்டுக்கும் போய்விட்டது, நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது போயிருக்கிறது.

எல்லாம் லீவில் மகள் ஏற்றிவிட்ட பித்து. உலகம் எங்கயோ போயிடுச்சும்மா, நீ இன்னும் துண்டுச்சீட்டுல எழுதிட்டு இருக்கே என்று செல்போனை வாங்கி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள், கடைக்குப் போக ஒரு பட்டியல், தண்ணீர் குடி என்று மணிக்கொருதரம் அதட்ட ஒன்று, வீட்டில் மூன்று பேரும் எங்கே இருக்கிறோம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட ஒன்று. ஆபீஸில் இருக்கிறேன் என்று அவர் சொன்ன நேரத்தில் அவருடைய புள்ளி முடிவெட்டும் கடையில் நின்றது, நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை, நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதாதா என்றார், அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன், பாவி, இப்போது வந்து ஞாபகம் வருகிறது பார். அந்த ஜோரில்தான் நூலகத்துக்கென்றே இருக்கிற இதைத் தேடிப் பிடித்தேன், செல்போனைப் புத்தகத்தின் முதுகில் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், மாணவர் அட்டையில் காட்டினால் இன்னொரு கீச், யார் எதை எடுத்தார் என்று தானே எழுதிக்கொள்ளும். தலைமை ஆசிரியை வந்து பார்த்துவிட்டு நம்ம லைப்ரரியா இதுன்னு வாயைப் பிளந்தார். எனக்கும் தலை கால் புரியவில்லை.

தலை கால் புரியாமல் போனதுதான் வினை. கீழ்த்தட்டுப் புத்தகங்களை எந்தப் பிள்ளையின் பெயரிலும் எழுதுவதில்லை, அது யாரும் போடாத, நானே போட்டுக்கொண்ட சட்டம், அம்மா அப்பா பிரிவது, குடிக்கிறவர் இருக்கிற வீட்டில் வளர்வது, இப்படி ஒரு முப்பது புத்தகம், யார் எடுத்தாலும் ஒன்றாம் எண் அட்டையில் ஏற்றிவிடுவேன், ஒன்றாம் எண் என்னுடையது, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதிகம் பயந்தவள் நான்தான் என்று தெரியும். பிள்ளைகளுக்கும் அது தெரியும், சொல்லாமலே தெரியும், கீழ்த்தட்டுப் புத்தகத்தைக் குப்புற வைப்பார்கள், நான் ஒன்று என்று எழுதுவேன், அவ்வளவுதான், அந்தப் பக்கமும் பேச்சில்லை, இந்தப் பக்கமும் பேச்சில்லை. திங்கட்கிழமை ஜன்னல்காரியும் அப்படித்தான் வைத்தாள், ஒன்பதாம் வகுப்பு, எப்போதும் ஜன்னலோர நாற்காலி, அதனால் நான் வைத்த பெயர், மேலே ஒரு பூகோளப் புத்தகம், அடியில் குப்புற அந்த மெல்லிய புத்தகம், 'வீட்டில் பயமாக இருக்கும்போது'. புதுப் பொம்மை கிடைத்த குஷியில் இரண்டுக்கும் கீச், கீச், அவளுடைய அட்டைக்கும் ஒரு கீச். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பையனின் அட்டையை வாங்கிக்கொண்டிருந்தேன்.

யார் யார் கடிதத்தைத் திறந்தார்கள் என்றுகூடக் காட்டுகிறது, ஒரு குட்டிக் கண் படம், அதன் பக்கத்தில் நேரம்... அவளுடைய வரி எங்கே, இதோ, தந்தை, 1:12, 1:15, 1:40. மூன்று தடவையா? ஒரு நூலகக் கடிதத்தை எந்த அப்பா மூன்று தடவை படிப்பார்? அம்மாவுடைய நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. ஓரத்தில் உதவிப் பெட்டி ஒன்று மின்னிக்கொண்டே இருக்கிறது, அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா என்று தட்டினேன், உடனே பதில், மனிதர் யாராவது இருந்தால் இவ்வளவு சீக்கிரம் வருமா, 'திரும்பப் பெற இயலாது. ஆனால் ஒரு மகிழ்ச்சியான செய்தி! இதுவரை 63 பெற்றோர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டார்கள்!' பக்கத்தில் ஒரு சிரித்த மூஞ்சி. நாசமாய்ப் போக. அவள் வீட்டுக்குப் போன கடிதத்தைத் திறந்து பார்த்தேன், அந்த மெல்லிய புத்தகமும் அட்டைப்படத்தோடு போயிருக்கிறது, தலைப்பு கொட்டை எழுத்தில், அடியில் முடிவு வாசகம், ஐயோ, அந்த வாசகம். அது நாலு வாசகம் காட்டியது, நாலும் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதென்று நானே உட்கார்ந்து எழுதினேன், மகளிடம் படித்துக் காட்டினேன், நல்லா இருக்கும்மா என்றாள்: 'இன்று மாலையே உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள்.'

தலைமை ஆசிரியைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை, ஏதோ மீட்டிங், மறுபடி அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அப்பாவையே கூப்பிட்டு மிஷின் தப்பாப் போட்டுடுச்சு சார், அது வேற பிள்ளை எடுத்தது என்று சொன்னால் என்ன? சொன்னால் இல்லாத சந்தேகமும் வராதா? அவர் அப்படிப்பட்ட மனுஷனாக இல்லாமலும் இருக்கலாமே, சும்மா ஆசையில் எடுத்த புத்தகமாகவும் இருக்கலாமே... இப்படி எத்தனை லாம் போட்டிருக்கிறேன் நான். வெயில் கொளுத்துகிற நாளிலும் முழுக்கை ஸ்வெட்டர், என்னம்மா வேர்க்கலையா என்று கேட்டதற்கு இல்ல மிஸ், எனக்குக் குளிருது என்றாள், பேனா பிடித்த விரல் வீங்கியிருந்தபோது கதவுல நசுங்கிடுச்சு மிஸ் என்றாள், பார்த்து சாத்தக் கூடாதா என்று சொல்லிவிட்டு நான் பதிவேட்டைத் திருப்பினேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மூன்று மாதமாக எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இந்தத் திரை நாலே நாளில் சொல்லிவிட்டது, சொல்லக் கூடாத ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டது.

செருப்புச் சத்தம். அவள்தான், பையை மாட்டிக்கொண்டு, கடைசி மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே.

"மிஸ், புக்கக் குடுத்துட்டுப் போறேன்."

"இப்பவா? கிளாஸ் இல்லையா?"

"அப்பா கேட்ல நிக்கறாராம். வாட்ச்மேன் அண்ணன் வந்து சொன்னாரு. ஏதோ பேசணுமாம்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவரு ஒருநாளும் வந்ததில்ல மிஸ்."

கை தானாக நீண்டு புத்தகத்தை வாங்கியது, தானாகப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தது, கிழிந்திருக்கிறதா, கிறுக்கியிருக்கிறதா என்று பார்க்கிற பாழாய்ப்போன பழக்கம், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கட்டம், 'நீ நம்பிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரின் பெயரை இங்கே எழுது.' அதில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்தேன், அழுத்தி எழுதுகிற பிள்ளை, அதனால் தடம் அப்படியே இருந்தது, லைப்ரரி மிஸ். வெளியே வாட்ச்மேன் அவள் வகுப்பைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுகிறார். நீ போக வேண்டாம், இங்க உக்காரு என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன், அவள் பையைக் கழற்றாமல் நின்றாள். பக்கத்தின் மடிப்பில் ரப்பர்த் தூள் இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது, அது திங்கட்கிழமைத் தூள் இல்லை, இன்றைக்கு அழித்தது.